கூண்டும் நாற்காலியும்

1973ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி பிற்பகல், பால்டிமோர் நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வால்டர் ஹாஃப்மன் முன்பு ஸ்பைரோ ஆக்னியூ நின்றுகொண்டிருந்தார். 1967ஆம் ஆண்டுக்கான வருமான வரியை ஏய்த்தார் என்பது அவர்மீதிருந்த ஒரே குற்றச்சாட்டு. அதை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று அவர் அறிவித்தார். 10,000 டாலர் அபராதமும் 3 ஆண்டு நன்னடத்தைக் காலமும் விதிக்கப்பட்டன. சிறைத்தண்டனை இல்லை. ஏறக்குறைய அதே வேளையில் வாஷிங்டனில் வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸிங்கரிடம் அவருடைய ராஜினாமாக் கடிதம் சேர்க்கப்பட்டது. அதுவரை ஆக்னியூ அமெரிக்காவின் துணை அதிபர்.

வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய நூல்களில் இந்நிகழ்ச்சி ஒரு கிளைக்கதையாகவே வந்துபோகும். அங்கே கதாநாயகர் ரிச்சர்ட் நிக்ஸன். ஆக்னியூவுக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தால் அதிகம். எனினும் இன்று உலகெங்கும் செய்தித்தாள் வாசிப்பவர்கள் அனைவருக்கும் பரிச்சயமாகிவிட்ட ஒரு கேள்விக்கான விடை இந்தக் கிளைக்கதையில்தான் பிறந்தது. பதவியிலிருக்கும் அமெரிக்க அதிபர்மீது குற்ற வழக்குத் தொடர முடியுமா என்பதே அக்கேள்வி. முடியாது என்ற விடை ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கிறது. அது அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டதன்று. எந்த நீதிமன்றமும் அளித்த தீர்ப்புமன்று. லஞ்சம் வாங்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு துணை அதிபரை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த ஓர் அரசு இலாகா, தனக்காக எழுதிக்கொண்ட சட்டக் குறிப்பு அது.

*

முதலில் சாசனத்தைப் பார்ப்போம். 1787ஆம் ஆண்டின் கோடையில் பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு மன்னராட்சி பழைய நினைவன்று, அப்போதுதான் விலகி வந்த வீடு. மன்னர் தவறே செய்யார் என்பது ஆங்கிலச் சட்ட மரபின் கோட்பாடு. தங்கள் தலைவர் அப்படிப்பட்டவராக இருக்கக்கூடாது என்பதில் அவர்களில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. ஜூலை 20ஆம் தேதி நடந்த விவாதத்தில் முதியவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தமக்கே உரிய முறையில் இதைச் சொன்னார். தலைவரை விசாரிக்க முறையான வழி இல்லாத நாடுகளில் மக்களுக்குக் கொலை ஒன்றே வழியாக இருந்தது. அதில் அந்த மனிதர் உயிரை மட்டுமல்ல, தம் பெயரைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பையும் இழந்தார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். விசாரணை என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நன்மையே என்றார் அவர்.

அதிபரை எந்தக் குற்றங்களுக்காக நீக்கலாம் என்ற பேச்சு செப்டம்பர் 8ஆம் தேதி மீண்டும் எழுந்தது. தேசத்துரோகம், லஞ்சம் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே அப்போதைய வரைவில் இருந்தன. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் அவை போதா என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் நமக்கு அந்நியமானதன்று. அது வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கு. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்தவரும், அதற்கு முன்பு சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குழுவில் அங்கம் வகித்தவருமான ஹேஸ்டிங்ஸ்மீது அவ்வாண்டுதான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குற்றம் சாட்டியிருந்தது. எட்மண்ட் பர்க்கின் புகழ்பெற்ற உரைகளால் இலக்கிய வாசகர்களுக்கும் தெரிந்த வழக்கு அது. அவர்மீது சுமத்தப்பட்டவை தேசத்துரோகத்துக்குள் அடங்கா என்று மேசன் சுட்டிக்காட்டினார். அந்த விவாதத்தின் முடிவில்தான் 'பெருங்குற்றங்களும் முறைகேடுகளும்' என்ற பொருளில் இன்றுவரை சர்ச்சைக்குள்ளாகும் சொற்றொடர் சாசனத்தில் நுழைந்தது. ஹேஸ்டிங்ஸ் 1795இல் விடுதலையாகிவிட்டார் என்பது வேறு கதை.

இம்பீச்மென்ட் என்பதை நம் பத்திரிகைகள் 'பதவி நீக்கம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அது சிறு பிழை. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றம் சாட்டுவதே இம்பீச்மென்ட். பிறகு செனட் விசாரிக்கும். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைத்தால்தான் பதவி போகும். செனட்டால் விதிக்கக்கூடியவை பதவி நீக்கமும், இனிப் பதவி வகிக்கக்கூடாது என்ற தடையும் மட்டுமே. ஆனால் நீக்கப்பட்டவர் அதற்குப் பிறகும் சாதாரணச் சட்டப்படி விசாரணைக்கும் தண்டனைக்கும் உரியவர் என்று சாசனம் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. அப்படியானால், நீக்கப்படுவதற்கு முன்பு? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கைதிலிருந்து வரையறுக்கப்பட்ட ஒரு பாதுகாப்பை எழுதி வைத்தவர்கள், அதிபருக்கு அப்படி எதையும் எழுதவில்லை. வேண்டுமென்றே தரவில்லை என்பது ஒரு வாசிப்பு. சொல்லவே தேவையில்லாத அளவுக்குத் தெளிவு என்று கருதினார்கள் என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டு தரப்பிலும் தேர்ந்த சட்ட அறிஞர்கள் உண்டு.

இவ்விடத்தில் இந்திய அரசியலமைப்பை நினைத்துக்கொள்வது பயன்தரும். நம் குடியரசுத் தலைவர்மீதும் ஆளுநர்கள்மீதும் பதவிக்காலத்தில் குற்ற நடவடிக்கை எதுவும் எடுக்கக்கூடாது என்று 361ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. நம் சாசனகர்த்தர்கள் எழுதி வைத்தார்கள், அவர்கள் எழுதாமல் விட்டார்கள். நம் குடியரசுத் தலைவரின் கையில் நேரடி ஆட்சியதிகாரம் இல்லை, அவர்களுடைய அதிபரின் கையிலோ எல்லாமே இருக்கிறது. ஆகவே அந்த மௌனத்தின் எடையும் அதிகம்.

துணை அதிபரைப் பற்றியாவது ஒரு முன்னுதாரணம் இருந்தது. அதிபர் பதவிக்குப் பிறகே சாதாரண நீதிமன்றத்துக்கு உட்படுவார் என்று 1788இல் எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டனை, 1804இல் துப்பாக்கிச் சண்டையில் கொன்றவர் அப்போதைய துணை அதிபர் ஆரன் பர். நியூயார்க், நியூஜெர்சி ஆகிய இரு மாநிலங்களிலும் பர்மீது குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவர் பதவி விலகவில்லை. செனட்டின் தலைமை இருக்கைக்குத் திரும்பி, 1805இல் ஒரு நீதிபதிமீதான இம்பீச்மென்ட் விசாரணைக்குத் தலைமையும் தாங்கினார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்திருந்த அந்தக் காட்சியை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்றிருப்போம்.

*

மீண்டும் 1973. ஆக்னியூ 1962 முதல் 1966 வரை பால்டிமோர் கவுண்டியின் நிர்வாகத் தலைவர்; 1967 முதல் மேரிலாந்தின் ஆளுநர்; 1969 முதல் துணை அதிபர். சட்டமும் ஒழுங்கும் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கியவர். பால்டிமோரில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள், ஆக்னியூவின் பழைய பதவியில் அப்போது இருந்த வேறொருவரின் ஊழலைத்தான் விசாரிக்கத் தொடங்கினார்கள். சாலைகளும் பாலங்களும் வடிவமைக்கும் பொறியியல் நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்காக மாமூல் கொடுத்து வந்தது தெரியவந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனபோது மறுமுனையில் துணை அதிபர் இருந்தார். அரசுத் தரப்பு பின்னர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த 40 பக்க அறிக்கை, ஒப்பந்தத் தொகையில் பங்கு, உறைகளில் ரொக்கம் என்று விரிகிறது. துணை அதிபரான பிறகும் அவருடைய அலுவலகத்துக்கே பணம் போயிருக்கிறது. லஞ்சக் குற்றச்சாட்டை ஆக்னியூ கடைசிவரை மறுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பால்டிமோரின் தலைமை அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் பீல் குடியரசுக் கட்சிக்காரர். அவருடைய அண்ணன் அக்கட்சியின் செனட்டர். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்ஸனும் அக்கட்சியே. ஆக்னியூவும் அக்கட்சியே. வழக்கை மூடிவைப்பது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை.

ரிச்சர்ட்ஸனின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வாட்டர்கேட் விசாரணையில் நிக்ஸனின் பதவி ஆட்டங்கண்டுகொண்டிருந்தது. அவர் போனால் அந்த நாற்காலியில் அமரப்போகிறவர் ஆக்னியூ. உறைகளில் பணம் வாங்கியவர் என்று தாம் நம்பும் ஒருவர், விசாரணை முடிவதற்குள் நாட்டின் அதிபராகிவிடக்கூடும் என்ற அச்சத்துடன் அந்த அட்டர்னி ஜெனரல் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆக்னியூவின் தற்காப்பு விசித்திரமானது. என்னை இம்பீச் செய்யுங்கள் என்று அவரே கேட்டார். செப்டம்பர் 25ஆம் தேதி பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட்டைச் சந்தித்து, சபையே தம்மை விசாரிக்க வேண்டும் என்று கோரினார். 1820களில் துணை அதிபர் ஜான் கல்ஹூன் இவ்வாறு கேட்டுப் பெற்ற விசாரணையை முன்னுதாரணமாகக் காட்டினார். விவகாரம் நீதிமன்றத்தின்முன் இருக்கிறது என்று சொல்லி ஆல்பர்ட் மறுநாளே மறுத்துவிட்டார். உடனே ஆக்னியூவின் வழக்கறிஞர்கள் பால்டிமோர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பதவியிலிருக்கும் துணை அதிபரை இம்பீச்மென்டுக்கு முன்பு குற்றம் சாட்ட முடியாது, ஆகவே விசாரணையை நிறுத்துங்கள் என்றார்கள்.

*

ஆக்னியூ சபாநாயகரைச் சந்தித்ததற்கு முந்தைய நாள், அதாவது செப்டம்பர் 24ஆம் தேதி, நீதி இலாகாவின் சட்ட ஆலோசனைப் பிரிவுத் தலைவர் ராபர்ட் டிக்ஸன் ஒரு நீண்ட குறிப்பை எழுதி முடித்திருந்தார். அதிபர், துணை அதிபர், மற்ற அதிகாரிகள் ஆகியோரைப் பதவியில் இருக்கும்போது குற்றம் சாட்ட முடியுமா என்பது அதன் பொருள். துணை அதிபரைக் குற்றம் சாட்டலாம், அதிபரைக் கூடாது என்பது அதன் முடிவு.

அக்குறிப்பு வெறும் அதிகார விசுவாசத்தால் எழுதப்பட்டதன்று. சாசனத்தின் சொற்களோ வரலாறோ இக்கேள்விக்கு உறுதியான விடை தரவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பிறகு நடைமுறையிலிருந்து வாதிடுகிறது. நிர்வாகத் துறை முழுவதும் ஒரே மனிதரிடம் குவிந்திருக்கிறது; அவர் கூண்டில் நின்றால் அரசே நிற்கும். நாடு தேர்ந்தெடுத்தவரைப் பணியிலிருந்து விலக்கும் முடிவை 12 பேர் கொண்ட ஒரு ஜூரியிடம் விடக்கூடாது. அது மக்கள் பிரதிநிதிகளின் வேலை. துணை அதிபரின் நாற்காலியோ பலமுறை காலியாகவே இருந்திருக்கிறது. அதனால் எதுவும் நின்றுபோகவில்லை. அக்டோபர் 5ஆம் தேதி சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் இதே நிலைப்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். ஐந்தே நாட்களில் ஆக்னியூ பணிந்தார்.

ஆக்னியூமீது வழக்குப் போட வேண்டும். ஆனால் அந்த வாதம் நிக்ஸன்மீதும் பாயக்கூடாது. இருவருக்கும் இடையில் ஒரு கோடு தேவைப்பட்டது. கோட்டின் ஒரு பக்கம் அன்றே பயன்பட்டது. மறு பக்கம் ஆக்னியூவின் வழக்குக்குத் தேவையே இல்லாதது, அதுதான் நிலைத்தது. அதிபர் குற்றம் செய்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அக்குறிப்பு சொன்ன பதில் இம்பீச்மென்ட் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முழு வாதமும் அந்த ஒரு தூணின்மேல் நிற்கிறது.

*

அந்தத் தூண் உறுதியாக இருந்த காலம் அது என்பதை அடுத்த பத்து மாதங்கள் காட்டின. ஆக்னியூ போன பத்தாம் நாள், அக்டோபர் 20ஆம் தேதி, வாட்டர்கேட் தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்குமாறு நிக்ஸன் உத்தரவிட்டார். ரிச்சர்ட்ஸன் மறுத்துப் பதவி விலகினார். அவருடைய துணைவர் வில்லியம் ரக்கல்ஷாஸும் மறுத்து வெளியேறினார். உத்தரவை நிறைவேற்றியவர் அடுத்த நிலையிலிருந்த அதே ராபர்ட் போர்க்.

காக்ஸுக்குப் பின் வந்த லியான் ஜவார்ஸ்கியின் அலுவலகத்தில் கேள்வி மீண்டும் எழுந்தது. அதிபரைக் குற்றம் சாட்டத் தடை ஏதும் இல்லை என்று அவருடைய வழக்கறிஞர்களே குறிப்பு எழுதினார்கள். கிராண்ட் ஜூரி என்பது குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும், 23 சாதாரணக் குடிமக்கள் கொண்ட குழு. அந்தக் குழுவும் நிக்ஸனைக் கூண்டில் ஏற்ற விரும்பியது. ஜவார்ஸ்கி இணங்கவில்லை. 1974 மார்ச் 1ஆம் தேதி நிக்ஸனின் உதவியாளர்கள் உள்ளிட்ட ஏழு பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். நிக்ஸன் குற்றம் சாட்டப்படாத சதிப் பங்காளியாக மட்டும் இரகசியமாகக் குறிக்கப்பட்டார். ஆனால் கிராண்ட் ஜூரி இன்னொன்றும் செய்தது. தான் திரட்டிய சான்றுகளை ஒரு முத்திரையிட்ட அறிக்கையாக்கி, பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுவுக்கு அனுப்பும்படி நீதிபதியிடம் ஒப்படைத்தது. எங்களால் முடியாவிட்டால் உங்களால் முடியும் என்பது அதன் உட்பொருள்.

சபையும் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஜூலை 24ஆம் தேதி ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது. அதிபரைக் குற்றம் சாட்டலாமா என்ற கேள்வியை மட்டும் அது தீர்க்கவில்லை. மூன்று நாட்களில் நீதிக் குழு 27-11 என்ற கணக்கில் முதல் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. நிக்ஸனின் சொந்தக் கட்சியினர் ஆறு பேர் அதற்கு வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி நிக்ஸன் பதவி விலகினார். ஆக்னியூவின் இடத்துக்கு நியமிக்கப்பட்டிருந்த ஜெரால்ட் ஃபோர்ட் அதிபரானார். செப்டம்பர் 8ஆம் தேதி அவர் நிக்ஸனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். பிறகு குற்றம் சாட்டலாம் என்ற அந்தப் 'பிறகு' வரவேயில்லை.

*

அதன் பிறகு நடந்தவை நம் நினைவில் உள்ளவை. 1997இல் ஓர் உரிமையியல் வழக்கில், பதவியிலிருக்கும் அதிபர் பில் கிளிண்டன்மீது வழக்கு நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. குற்ற வழக்கைப் பற்றி அது பேசவில்லை. 1998இல் அவர் இம்பீச் செய்யப்பட்டு, 1999 பிப்ரவரியில் செனட்டில் விடுவிக்கப்பட்டார். 2000 அக்டோபரில் நீதி இலாகா 1973ஆம் ஆண்டின் குறிப்பைப் புதுப்பித்தது. 2001 ஜனவரி 19ஆம் தேதி, பதவியின் கடைசி முழு நாளில், கிளிண்டன் தம் வழக்கறிஞர் உரிமத்தை 5 ஆண்டுகள் இழக்கவும் 25,000 டாலர் கட்டவும் சம்மதித்து, வழக்கிலிருந்து மீண்டார்.

டொனால்ட் டிரம்ப் 2019லும் 2021லும் இம்பீச் செய்யப்பட்டார். இரண்டாம் முறை செனட்டில் 57 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள், தேவை 67. விசாரணை நடக்கும்போது அவர் பதவியில் இல்லை. ஆகவே அவரை விசாரிக்கும் இடம் செனட் அன்று, குற்ற நீதிமன்றமே என்று விடுவிக்க வாக்களித்தவர்கள் சிலர் வாதிட்டார்கள். 2023இல் குற்ற நீதிமன்றம் அழைத்தது. செனட் தண்டிக்காத ஒருவரை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று அப்போது அவருடைய வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் ஒரு மேஜை இன்னொரு மேஜைக்கு அனுப்ப, அந்த மேஜை முதல் மேஜைக்கே திருப்பி அனுப்பும் காட்சி நமக்குப் புதிதன்று. உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் 2024 ஜூலை 1ஆம் தேதி 6-3 என்ற தீர்ப்பில், சாசனம் அதிபருக்கே அளித்த மைய அதிகாரங்களைச் செலுத்திய செயல்களுக்கு முழுப் பாதுகாப்பும், பிற அலுவல்பூர்வச் செயல்களுக்குக் குறைந்தபட்சம் அனுமானப் பாதுகாப்பும் உண்டு என்றது. நவம்பரில் டிரம்ப் மீண்டும் வென்றார். அம்மாதம் 25ஆம் தேதி அரசுத் தரப்பே வாஷிங்டன் வழக்கைக் கைவிட்டது. காரணமாகச் சொல்லப்பட்டது நீதி இலாகாவின் அந்தப் பழைய நிலைப்பாடுதான். நியூயார்க் மாநிலத்தில் 34 குற்றங்களுக்காக ஜூரி அவரைக் குற்றவாளி என்று கண்டிருந்தது. பதவியேற்புக்குப் பத்து நாட்கள் முன்பு, எந்தத் தண்டனையும் இன்றி அவ்வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

1868இல் ஆண்ட்ரூ ஜான்ஸன் ஒரே ஒரு வாக்கில் தப்பியதிலிருந்து 2021 வரை மூன்று அதிபர்கள்மீது நான்கு இம்பீச்மென்ட்கள் நடந்திருக்கின்றன. ஒருவரும் நீக்கப்படவில்லை.

டிக்ஸனின் வாதத்தை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். நாட்டின் ஏதோவொரு மூலையிலுள்ள ஓர் அரசு வழக்கறிஞர், அரசியல் பகையால் அதிபரைக் கூண்டில் ஏற்றிவிட முடியும் என்றால் அதுவும் ஆபத்துதான். ஆனால் அவர் எழுதியது, தம் கட்சித் தலைவருக்கு எதிராக ஆறு உறுப்பினர்கள் கைதூக்கக்கூடிய ஒரு சபையை நம்பி. அந்த நம்பிக்கை இருக்கும் வரை, அதிபரை இப்போது குற்றம் சாட்டாதே என்பது ஒரு தள்ளிவைப்பு மட்டுமே. நம்பிக்கை போய்விட்டால் தள்ளிவைப்பே தீர்ப்பாகிவிடுகிறது. பெரும்பாலான கூட்டாட்சிக் குற்றங்களுக்கு 5 ஆண்டுகளே காலவரம்பு. ஓர் அதிபர் 8 ஆண்டுகள் பதவியில் இருக்கலாம். காத்திருப்பவர்களின் கையில் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதற்குக் கணக்குப் போடத் தேவையில்லை.

பால்டிமோரில் ரிச்சர்ட்ஸன் அஞ்சியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் ஆக்னியூவைத் தொடக்கூடியதாக இருந்தது அவர் இரண்டாமிடத்தில் இருந்த வரைதான். சில மாதங்கள் தாமதித்திருந்தால், அதே மனிதர், அதே உறைகள், அதே சான்றுகள் அனைத்தும் இருந்திருக்கும். வழக்கு மட்டும் இருந்திருக்காது.